சிக்கலுக்குப் பெயரிடும் உரிமை

கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் பாறை திடீரெனச் சிதறி வெடிப்பதை இன்று அறிவியலார் ‘பாறை வெடிப்பு’ என்கின்றனர். ‘ராக் பர்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் தங்கவயல் மக்களின் பேச்சிலும் கலந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நிகழ்வுக்கு வேறொரு பெயர் இருந்தது. மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த டபிள்யூ. எஃப். ஸ்மீத் இதைப் பற்றி எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே ‘ஏர் பிளாஸ்ட்’ என்ற சொல் இடம்பெறுகிறது. காற்று வெடிப்பு என்பது அதன் பொருள். பாறை சிதறும்போது சுரங்கப்பாதை நெடுகப் பாய்ந்து வரும் காற்றின் அறைதலைத்தான் உள்ளே நிற்பவர் முதலில் உணர்வார். அந்த உணர்வே பெயராகியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

மொழியியல் மாணவருக்கு இது சொற்பொருள் மாற்றத்தின் ஓர் எடுத்துக்காட்டு. நிறுவன உளவியல் படிப்போர்க்கு இது அதைவிடப் பெரிய செய்தி. காற்று என்று பெயரிட்டால் காற்றைப் பற்றிய கேள்வி எழும். பாறை என்று பெயரிட்டால், அந்தப் பாறையில் அழுத்தம் எப்படிச் சேர்ந்தது, அதைச் சேர்த்தது யாருடைய வெட்டு என்ற கேள்வி எழும். ஒரு சிக்கலுக்கான தீர்வின் பாதி, அந்தச் சிக்கலுக்கு இடப்படும் பெயரிலேயே அடங்கிவிடுகிறது.

சிக்கல் தீர்த்தலைப் பற்றிய உளவியல் ஆய்வுகளில் இந்தப் பாதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கார்ல் டுங்கரின் புகழ்பெற்ற மெழுகுவர்த்திச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டி நிறையக் குண்டூசிகள், ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள் ஆகியவற்றைத் தந்து, மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தச் சொல்கிறார் ஆய்வாளர். பெட்டியை வெறும் கொள்கலனாகவே பார்ப்பவர் திணறுவார்; அதைத் தாங்கியாகப் பார்ப்பவர் விடை காண்பார். பழகிய பயன்பாடு நம் சிந்தனையைக் கட்டிப்போடுகிறது என்பதை இச்சோதனை அழகாகக் காட்டுகிறது. ஆனால் மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்துவதுதான் சிக்கல் என்று முடிவு செய்தவர் ஆய்வாளர். சோதனைக்கூடத்தில் சிக்கல் எப்போதும் கொடுக்கப்பட்டதாகவே இருக்கிறது.

நிறுவனங்களில் அப்படிக் கொடுப்பவர் எவருமில்லை. ஆயிரம் நிகழ்வுகள் ஒருங்கே நடக்கின்றன. அவற்றுள் எது ‘சிக்கல்’ என்ற தகுதியைப் பெறும் என்பதை யாரோ முடிவு செய்கின்றனர். 1958ஆம் ஆண்டு டிவிட் டியர்பார்னும் ஹெர்பர்ட் சைமனும் வெளியிட்ட சிறு ஆய்வொன்று இதை நேரடியாகத் தொட்டது. ஒரே நிறுவனத்தின் 23 மேலாளர்களிடம் ஓர் எஃகு நிறுவனத்தைப் பற்றிய நீண்ட விவரணையைப் படிக்கத் தந்து, அந்நிறுவனத்தின் தலையாய சிக்கல் எது என்று கேட்டனர். விற்பனைப் பிரிவைச் சேர்ந்த 6 பேரில் 5 பேர் விற்பனையைக் குறிப்பிட்டனர். மற்றப் பிரிவினர் 17 பேரில் அவ்வாறு குறிப்பிட்டவரும் 5 பேரே. எல்லாரும் படித்தது ஒரே பக்கங்கள்தாம். அவரவர் நாற்காலி எங்கே கிடந்ததோ அங்கிருந்து தெரிந்ததே அவரவருக்குச் சிக்கலாயிற்று.

அந்த 23 பேரும் மேலாளர்கள். அதே விவரணையை அந்த ஆலையின் உலைக்கு முன்னால் நிற்பவரிடம் படிக்கத் தந்திருந்தால் அவர் எதைச் சொல்லியிருப்பார்? அந்தக் கேள்வி அந்த ஆய்வில் இல்லை. அக்கேள்விக்கு விடை தேடத் தங்கவயலின் வரலாற்றைவிடத் தகுந்த களம் தென்னிந்தியாவில் அரிது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் கோலார்ப் பகுதியின் சுரங்கங்களைத் தன் மேலாண்மையில் எடுத்துக்கொண்டது. அதன் பின்னர் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்கம் ஆகிய சுரங்கங்கள் வளர்ந்தன. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டியது. பொறியியல் சிக்கல்களைத் தீர்ப்பதில் இந்நிறுவனம் பின்தங்கியதே இல்லை.

இந்த நிறுவனத்தின் அடுக்கமைப்பு மொழியாலும் சாதியாலும் இனத்தாலும் பிரிக்கப்பட்டிருந்தது. உச்சியில் ஆங்கிலேயர், மேற்பார்வைப் பணிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், பாறையை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தலித் மக்கள். அலுவலகத்தின் மொழி ஆங்கிலம். சுரங்கத்தின் மொழி தமிழ்; அதனோடு தெலுங்கு. சுற்றியிருந்த மைசூர் அரசின் மொழி கன்னடம். ஒரு நிகழ்வு அறிக்கையாக வேண்டுமெனில் அது கீழிருந்து மேலே போகும் வழியில் மொழி மாற வேண்டும். மாறும்போது பெயரும் மாறும். அலுவலகத்தில் எந்தச் சொல் இருந்ததோ அந்தச் சொல்லுக்குள் பொருந்திய நிகழ்வே ஆவணமாயிற்று.

இப்பின்னணியில் மூன்று நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: வெடித்த பாறை, திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட தங்கம், சுவாசிக்கப்பட்ட தூசு.

முதலாவது பாறை. வெடிப்புகள் ஆள்களைக் கொன்றன; அதோடு சுரங்கப்பாதைகளை அடைத்தன, தாங்குதூண்களை நொறுக்கின, உற்பத்தியை நிறுத்தின. ஆகவே நிறுவனம் அதைச் சிக்கலாக ஏற்றுக்கொண்டது. மரத்தாங்கிகளுக்கு மாற்றாகக் கருங்கல் அடுக்குகள் வந்தன. பின்னர்க் கான்கிரீட்டும் அரைவை மணலும் வெட்டிய வெற்றிடங்களை நிரப்பின. எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, எதை எஞ்சவிடாமல் எடுப்பது என்ற வரிசைமுறை ஆராயப்பட்டது. 1970களின் இறுதியில் நில அதிர்வுக் கருவிகளின் வலையமைப்பு நிறுவப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. வெடிப்புகள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆயினும் ஒரு நிறுவனம் தன் சிக்கலைத் தலைமுறை தலைமுறையாகக் கூர்ந்து கற்றதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது தங்கம். தாது காணாமற்போவதை நிறுவனம் தொடக்கத்திலிருந்தே ‘திருட்டு’ என்ற ஒற்றைச் சொல்லால் குறித்தது. சொல் அதுவாக இருந்ததால் தீர்வும் காவலாகவே இருந்தது: உடற்சோதனை, வேலி, காவலர், அடையாளம். கூலியைப் பற்றிய கேள்வியாகவோ, இடைத்தரகரைப் பற்றிய கேள்வியாகவோ, வாங்குபவரைப் பற்றிய கேள்வியாகவோ அதே நிகழ்வை வகுத்திருக்கலாம். தொழிலாளரை அடையாளம் காணும் பதிவு முறையும், அதன் பகுதியாக மணிக்கட்டில் அணிய வேண்டிய உலோக வளையமும் 1930இல் முன்வைக்கப்பட்டபோது, சுரங்கங்கள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நின்றுபோயின. ஏற்பு பெற்ற தொழிற்சங்கம் எதுவும் அப்போது அங்கே இல்லை. வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் பழைய மைசூரின் தொழிலாளர் வரலாற்றை எழுதும்போது இந்த வேலைநிறுத்தத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

மேலாண்மையின் பார்வையில் வளையம் ஒரு நிர்வாக வசதி. அதை அணிய வேண்டியவரின் பார்வையில் அது விலங்கை ஒத்தது. ஆடுமாடுகளுக்கு அடையாளமிடும் நாட்டில், பிறப்பாலேயே அடையாளமிடப்பட்ட ஒரு சமூகத்திற்கு, கையில் மாட்டப்படும் எண் என்ன பொருள் தரும் என்பதை விளக்க எந்த உளவியல் கோட்பாடும் தேவையில்லை. அச்சமூகத்தில் பலருக்குத் தங்கவயல் என்பது சேரியின் இழிவிலிருந்து தப்பி வந்த இடமும்கூட. ‘ஒழுங்கின்மை’ என்று மேலே தெரிந்த அந்த மூன்று வாரங்கள், கீழிருந்து பார்த்தால் ஒரு மறுபெயரிடல்: இங்கே சிக்கல் தங்கம் போவது ஒன்று மட்டுமன்று, எங்கள் மானமும் போகிறது என்ற அறிவிப்பு. சொல்ல ஒரு மேசை இல்லாதபோது வேலைக்கு வராமையே வாக்கியமாகிறது.

மூன்றாவது தூசு. இதில் ஓசையில்லை, கூட்டமில்லை, வேலைநிறுத்தமில்லை. படிகக்கல்லில் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலுக்குள் சென்று தங்குகிறது. பல ஆண்டுகளில் திசு தழும்பேறி இறுகுகிறது. மூச்சு குறைகிறது, காசநோய் எளிதில் தொற்றுகிறது. சிலிக்கோசிஸ் என்ற இந்நோய் இந்தியாவில் முதன்முதலில் 1947இல் கோலார்த் தங்கச்சுரங்கங்களிலிருந்து பதிவாயிற்று என்று நம் சமூக மருத்துவப் பாடநூல்கள் கூறுகின்றன. ஜான் டெய்லர் நிறுவனம் வந்ததற்கும் இந்த ஆண்டிற்கும் இடையே 67 ஆண்டுகள்.

அந்நாளில் எவருக்கும் தெரியாத ஒன்றை இன்று இருந்துகொண்டு குற்றம் சாட்டலாகாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, ஆகவே காலவரிசையைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்கத் தங்கச்சுரங்கங்களில் இதே நோய்க்காகத் தனிச் சட்டம் 1911ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. அங்கே அச்சட்டத்தை விரைவுபடுத்தியதில் நோயுற்ற வெள்ளைச் சுரங்கத் தொழிலாளரின் அரசியல் குரலுக்குப் பங்குண்டு. கறுப்பினத் தொழிலாளர் பெற்ற பாதுகாப்பு அதைவிட மிகக் குறைவு. ஆக அறிவு உலகில் இருந்தது. தங்கச்சுரங்க உலகம் சிறியது. பொறியாளர்களும் நூல்களும் கண்டம் விட்டுக் கண்டம் சென்றுகொண்டிருந்த காலம் அது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பாறை வெடித்தால் செலவு அன்றே நிறுவனத்தின் கணக்கில் விழுகிறது. தங்கம் போனாலும் அப்படியே. தூசின் செலவோ இருபது ஆண்டுகள் கழித்து, ஒரு லைன் வீட்டின் திண்ணையில், இருமலாக வந்து விழுகிறது. அதை எழுதும் கணக்கேடு எதுவும் அலுவலகத்தில் இல்லை. மனித கவனம் அளவுக்குட்பட்டது, நிறுவனம் அந்தக் கவனத்தைப் பங்கிடும் ஓர் ஏற்பாடு என்பது சைமனின் நெடுநாள் வாதம். தங்கவயல் அந்த வாதத்தை மறுக்கவில்லை. அதற்கு ஒரு துணைக்குறிப்பு சேர்க்கிறது. கவனம் தானாகப் பங்கிடப்படுவதில்லை. யாருடைய இழப்பு நிறுவனத்தின் இழப்பாக எண்ணப்படுகிறதோ அவர் பக்கம் அது சாய்கிறது.

இதே சுரங்கங்களில் 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளரோடு இணைந்து, 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைப் பதிவுசெய்தது. இயற்கையில் எளிதில் அகப்படாத துகள்களுள் ஒன்று அங்கே அகப்பட்டது. கேட்க வேண்டும் என்று முடிவெடுத்துக் கருவியும் அமைத்தால் எவ்வளவு மெல்லிய குரலையும் கேட்க முடியும் என்பதற்குத் தங்கவயலே சான்றாக நிற்கிறது.

கீழிருப்போர் பேசாததால்தானே மேலிருப்போர்க்குத் தெரியவில்லை என்பது அடுத்து எழும் கேள்வி. எலிசபெத் மாரிசனும் ஃபிரான்சிஸ் மில்லிகனும் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ‘நிறுவன மௌனம்’ என்ற கருத்தை முன்வைத்தனர். தொழிலாளர் தன்னலம் மட்டுமே பார்ப்பவர், எது நல்லது என்பது மேலாளருக்கே தெரியும் என்ற நம்பிக்கைகள் மேலே ஊறியிருந்தால், பேசிப் பயனில்லை என்ற முடிவு கீழே பரவும் என்பது அவர்களது வாதம். அப்படியாயின் மௌனம் தனியாளின் கூச்சமாகாது. நிறுவனம் தானே உற்பத்தி செய்யும் ஒன்று. 1930இன் மூன்று வாரங்களும் அதற்கு முந்தைய பல்லாண்டு மௌனமும் ஒரே இயந்திரத்தின் இரு விளைவுகள்.

இந்த மௌனத்தைத் தாண்டிய ஆய்வுகளும் உண்டு. அவற்றுள் ஒன்று சுரங்கத்திலேயே பிறந்தது. 1951இல் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். புதிய இயந்திரங்கள் வந்த பிறகும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை; வேலைக்கு வராதோர் எண்ணிக்கையும் மனச்சோர்வும் கூடின. மேலாண்மை இதைத் தொழிலாளரின் போக்காகக் கண்டது. அக்கட்டுரையோ வேறொன்றைக் கண்டது: தம் துணையைத் தாமே தேர்ந்து, முழு வேலையையும் தாமே முடித்த சிறு குழுக்கள், நாற்பது ஐம்பது பேர் கொண்ட நீள்வரிசையாகவும் மூன்று ஷிஃப்டுகளாகவும் உடைக்கப்பட்டிருந்தன. இருளிலும் ஆபத்திலும் ஒருவரை ஒருவர் தாங்கிய உறவு அறுந்துபோயிருந்தது. பாம்ஃபோர்த் முன்னாள் நிலக்கரித் தொழிலாளி என்பதை இங்கே மறக்கலாகாது. சிக்கலின் பெயர் மாறியதற்கு, பெயரிட்டவரின் நுரையீரலில் அந்தத் தூசு இருந்ததும் ஒரு காரணம்.

அதே டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் பணியாற்றினார். தானியங்கித் தறிகள் எதிர்பார்த்த பயனைத் தராத கூடமொன்றில், சில தறிகளுக்கு ஒரு குழு பொறுப்பேற்கலாம் என்ற எண்ணம் முன்வைக்கப்பட்டது. அதை விரிவான திட்டமாக்கி, குழுக்களைத் தாமே அமைத்துக்கொண்டு வந்தவர்கள் அங்கிருந்த தொழிலாளரும் மேற்பார்வையாளருமே. இந்தியத் தொழிலாளர் தம் வேலையை வகுக்கத் தெரியாதவர் என்ற எண்ணத்திற்கு அந்தத் தறிக்கூடம் ஒரு மறுப்பு. மேலைநாட்டுக் கோட்பாட்டின் வரலாற்றில் அது ஒரு மைல்கல்லாக இன்றும் சுட்டப்படுகிறது. நம் பல்கலைக்கழக மேலாண்மைத் துறைகளில் அது நினைவுகூரப்படுவது குறைவு.

தங்கவயலுக்கு அத்தகைய ஒரு தருணம் வாய்க்கவில்லை. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தாதுவின் வளம் குறைந்து, ஆழம் கூடி, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. மூடியதற்கு ஆவணங்கள் தரும் சொல் ‘நட்டம்’. கணக்குப்படி அது உண்மையே. அந்தச் சொல்லுக்குள், ஒரே தொழிலுக்காகவே எழுப்பப்பட்ட ஒரு நகரம் அதன் பிறகு என்ன செய்யும் என்ற கேள்விக்கு இடமில்லை. இன்று அந்த நகரின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம் நிலையங்களில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். கோடிக்கணக்கான டன் அரைவைக் கழிவு ‘சயனைடு மலை’களாக நகரின் நடுவே நிற்கிறது, காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசு வீடுகளுக்குள் வருகிறது. அந்தக் குவியலில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எப்படி எடுப்பது என்பது அடிக்கடி பேசப்படும் சிக்கல். அதன் அடியில் வாழ்பவரின் மூச்சு அவ்வளவு அடிக்கடி பேசப்படுவதில்லை. பழைய ஒழுங்கு இன்னும் மாறவில்லை.

இதிலிருந்து இன்றைய ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு; அது ஆய்வு முறையைப் பற்றியது. நிறுவன நடத்தை பற்றிய நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை, அயல்மொழியில் உருவான அளவுகோலைத் தமிழாக்கி, ஐந்து படிகளில் விடை கேட்டு, சராசரி கண்டு முடிகின்றன. மொழிபெயர்ப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எது சிக்கல் என்ற முடிவு அந்த அளவுகோலுக்குள் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. ‘பணி அழுத்தம்’ என்ற தொடருக்கு நேரே ஒரு தொழிலாளி இடும் குறி, அவர் அந்தத் தொடருக்குள் என்ன கண்டார் என்பதைச் சொல்லாது. அவருக்கு அது மேஸ்திரியின் வசவாக இருக்கலாம். திரும்பும் ரயிலின் நெரிசலாக இருக்கலாம். தந்தையின் இருமலாகவும் இருக்கலாம். மூன்றும் ‘4’ என்ற ஒரே எண்ணாகப் பதிவாகும். டியர்பார்ன், சைமன் ஆய்வின் மேலாளர்களைப் போலவே ஆய்வாளரும் தம் நாற்காலியிலிருந்து தெரிவதையே சிக்கல் என்று எண்ணும் அபாயம் இங்கே இருக்கிறது. அவரது நாற்காலி துறைக்குள் கிடக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

அளவுகோல்களைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் சிலிக்கோசிஸின் பரப்பும் நமக்குத் தெரிந்திருக்காது. எண்ணிக்கைதான் அந்த நோய்க்குச் சட்டத்தின் முன் ஓர் இடம் தந்தது. வரிசைதான் முக்கியம். வினாத்தாளை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இங்கே எது சரியில்லை, அதை நீங்கள் என்ன சொல்லால் அழைக்கிறீர்கள்? கிடைக்கும் சொல்லை அப்படியே, அவர் வட்டார வழக்கிலேயே, குறித்துக்கொள்ள வேண்டும். அது நம் கோட்பாட்டுச் சட்டகத்தில் அடங்காமற்போனால், திருத்தப்பட வேண்டியது சட்டகமாக இருக்கலாம் என்ற ஐயத்தோடு தொடங்க வேண்டும். ஆய்வேட்டில் இதற்கு ஒரு தனி இயல் கூடத் தேவையில்லை. சில நாள் களப்பணியும் ஒரு குறிப்பேடும் போதும்.

பாறைக்குப் பெயர் மாறுவதற்குச் சில பத்தாண்டுகள் ஆயின. தூசுக்குப் பெயர் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அதைச் சுவாசித்தவர்களிடம் அதற்கு ஒரு சொல் இருந்திருக்கத்தான் வேண்டும்; இருமலோடு வீடு திரும்பிய ஒவ்வொருவரும் அதை ஏதோ ஒரு பெயரால் மனைவியிடமோ மக்களிடமோ சொல்லியிருப்பர். அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள எவரும் வரவில்லை.